சித்திரை வெயிலில் குளிர் கட்டியவர்

சித்திரை மாதத்துப் பதினோரு மணி வெயிலில், கை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும் இரும்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு மனிதர் படகு இஞ்சினுக்குக் குளிர் கட்டிக்கொண்டிருந்தார். நான் அவரை முதலில் பார்த்தது அப்படித்தான். தலையில் துண்டு. வாயில் ஒரு ரப்பர் குழாயின் முனை. குழாயின் மறுமுனை இஞ்சினின் வயிற்றுக்குள் இருந்தது. கன்னம் உப்ப ஊதினார், காதை வைத்துக் கேட்டார், மறுபடி ஊதினார். நாதஸ்வரம் தெரியாத ஒருவர் நாதஸ்வரத்தோடு சண்டை போடுவதுபோல் இருந்தது.

"என்னங்க பண்றீங்க?" என்றேன்.

"குளிர் கட்டறனுங்க."

"இந்த வெயில்லயா?"

நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். வெந்து வெளுத்துப் போயிருந்த வானம். ஒரு பருந்து கூட இல்லை.

"வானத்த நம்ப முடியாதுங்க டீச்சர்" என்றார்.

ஊர் அவரைக் குளிர்காரர் என்றது. அவருக்கென்று ஒரு பெயரும் இருந்தது. அதை மின்சாரக் கட்டண அட்டை மட்டும்தான் உபயோகித்தது.

அப்போது நான் ஆற்றின் இந்தக் கரையில் குடியிருந்து அந்தக் கரையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். எடப்பாடியிலிருந்து மேற்கே வந்தால் சாலை முடியும் இடத்தில் காவிரி. ஆறு என்று பெயர்தானே தவிர, அங்கே ஓடாது. கதவணை தடுத்து நிறுத்தியிருப்பதால், விருந்து சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்த சம்பந்தி மாதிரி அகலமாக அமர்ந்திருக்கும். அதன்மேல் ஷேர் ஆட்டோ போல மோட்டார் படகுகள் போகும், வரும். படகை யாரும் படகு என்பதில்லை. போட்டுதான்.

வருடத்தில் ஒரு மாதம், கோடையில், கதவணையைப் பழுது பார்ப்பதற்காகத் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். இரண்டே நாளில் ஆறு வடிந்து எலும்பைக் காட்டும். பாறை, சேறு, மறுபடி பாறை. வருடம் முழுக்கத் தவறி விழுந்த செருப்புகள் ஒற்றை ஒற்றையாய் வெளியே வந்து காயும். போட்டுகள் மணலில் ஒருக்களித்துக் கிடக்கும். நான் என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பாறை பாறையாய்த் தாவிப் பள்ளிக்கூடம் போவேன்.

மற்ற போட்டுக்காரர்கள் இஞ்சின்மேல் தார்ப்பாயைப் போட்டுக் கயிற்றைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் தினமும் போகிற போட்டு ஓர் அம்மாளுடையது. ஓட்டுவதும் அவர்தான். அக்கரையில் நிற்பவரை இக்கரையிலிருந்தே திட்டக்கூடிய குரல். போட்டுக்காரம்மா என்போம். அவர் மட்டும், அந்த ஒரு மாதத்துக்கு இஞ்சினைத் துருப்பிடிக்காமல் பொதிந்து வைக்க, குளிர்காரரைக் கூப்பிடுவார். கூப்பிட்டுவிட்டு, வேலை நடக்கிற நாலு நாளும் பக்கத்தில் நின்று வம்பிழுப்பார்.

"ஏனுங்ண்ணா, இஞ்சினத் தூங்க வெக்கறீங்களா, பொதைக்கறீங்களா?"

"நல்லாத் தூங்குனாத்தான் அம்மிணி நல்லா எந்திரிக்கும்."

கடையில் வாங்கிய கருவி என்று பார்த்தால் அவரிடம் இரண்டு ஸ்பேனர்தான். மற்றதெல்லாம் சுற்றுவட்டாரம் தூக்கிப் போட்டவை. நாமக்கல் பக்கமிருந்து முட்டை வருகிற அட்டை ஒன்று; கழற்றிய போல்டுகள் கழற்றிய வரிசையிலேயே அதன் குழிகளில் உட்காரும். யாருக்கோ ஏற்றி முடித்த குளுக்கோஸ் பாட்டில் ஒன்று. அதில் எண்ணெயை நிரப்பி, போட்டின் கூரைக் கம்பியில் தொங்கவிட்டு, சிலிண்டருக்குள் சொட்டுச் சொட்டாய் இறக்குவார். நாடி பார்க்கிறவர் போல ஒரு விரல் குழாயின்மேல் இருக்கும். "நிமிசத்துக்குப் பத்துச் சொட்டுங்க. அதுக்கு மேல போனா முழுங்க மாட்டான்." தண்ணீர் போகிற வழியில் படிந்த உப்பை இளக்குவதற்குப் புளியைக் கரைத்து ஊற்றுவார். அன்றைக்குத் துறை முழுக்க ரச வாசனை அடிக்கும். "பெருங்காயம் போட மறந்துட்டீங்ண்ணா" என்பார் போட்டுக்காரம்மா.

இளம்பிள்ளை ஊர்ப் பட்டுத் தறிகளில் மிச்சமாகும் நூல்கழிவை விளக்கெண்ணெயில் தோய்த்துப் புகைக்குழாய்க்குள் திணிப்பார். எலி நுழையாமல் அதன்மேல் ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து, சைக்கிள் டியூப் வாரால் இறுக்கிக் கட்டுவார். குங்குமச் சிவப்பும் மயில் கழுத்து நிறமுமாய் நூல் பிதுங்கிக்கொண்டிருக்கும். அந்த ஒரு மாதம் மட்டும் அந்த இஞ்சின் பட்டு உடுத்தியிருக்கும்.

ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சி இஞ்சினுக்கு அனுப்ப ஒரு சிறிய பம்பு உண்டு. அதற்குள் செம்பருத்திப் பூவளவு ஒரு ரப்பர் சக்கரம். அதை மட்டும் அவர் போட்டில் விட மாட்டார். கழற்றித் துடைத்து, முகத்துக்குப் போடுகிற பவுடரைப் பூசி, முட்டை அட்டையின் கடைசிக் குழியில் வைத்து வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போவார். "காஞ்சு கெடந்தா ஒட்டிக்குமுங்க. பச்சப்புள்ளையாட்டப் பாத்துக்கோணும்."

இதெல்லாம் ஒரு நாள் வேலை. மீதி மூன்று நாளும் தண்ணீர் வடிப்பதுதான். இஞ்சினின் அடியில் ஒரு திருகைத் திறப்பார். தண்ணீர் வரும், மெலியும், சொட்டும், நிற்கும். நமக்கு அதோடு வேலை முடிந்தது. அவருக்கு அங்கேதான் தொடங்கும். குச்சியை விட்டுக் குத்துவார். குழாயை வைத்து ஊதுவார். ஆட்டுக்குட்டியைத் தூக்கிச் சரிப்பது போல நாலு ஆளை வைத்துப் போட்டையே சரிப்பார். அரைக் கரண்டித் தண்ணீர் வரும். "பாத்தீங்களா!" என்று கூவுவார். புதையல் எடுத்த முகம்.

"நின்னுபோச்சுன்னா முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தமில்லீங்க டீச்சர்." இதை நான் அவரிடம் நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

இஞ்சினோடு நின்றிருந்தால் பரவாயில்லை. டீக்கடையில் எல்லோரும் குடித்து வைத்த தம்ளர்களைக் கவிழ்த்துவிட்டுத்தான் எழுவார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் காலி செய்து இரண்டு முறை சண்டை வந்திருக்கிறது. அவர் தெருப் பெண்கள் வாசலில் வாளியை வைத்துவிட்டு உள்ளே போய் வருவதற்குள் வாளி குப்புறக் கிடக்கும். "கை வெளங்குமா உங்களுக்கு!" என்று ஓர் அம்மாள் துடைப்பத்தோடு துரத்தியதை நானே பார்த்தேன். ஓடுகிறபோதும் வழியில் கிடந்த கொட்டாங்குச்சி ஒன்றைக் காலால் கவிழ்த்துவிட்டுத்தான் ஓடினார்.

அவரைக் கொண்டாடியவர்கள் கொசுப்புழு தேடி வருகிற சுகாதாரப் பணியாளர்கள் மட்டும்தான். பழைய டயர், உடைந்த சட்டி, பூந்தொட்டித் தட்டு என்று அந்தத் தெருவில் எதைப் புரட்டினாலும் எலும்பாய்க் காய்ந்திருக்கும். "இங்க நமக்கு வேலையே இல்லையே" என்று அந்தப் பெண்கள் அவர் வீட்டில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுப் போவார்கள். மறக்காமல் தம்ளரைக் கவிழ்த்துவிட்டு.

இத்தனைக்கும் அந்த இஞ்சினைச் சீராட்டுகிறவர் ஒரு நாளும் அந்தப் போட்டில் அக்கரைக்கு வந்ததில்லை. இது எனக்கு உறைக்கவே மூன்று வருடம் ஆயிற்று. ஆறு வற்றுகிற மாதத்தில், சாயங்காலம் நான் பள்ளி விட்டுத் திரும்புகையில், நடு ஆற்றில் யானை முதுகு போன்ற ஒரு பாறையில் அவர் உட்கார்ந்திருப்பார். அதுவரைதான் வருவார். ஒரு நாள் நானும் அதில் உட்கார்ந்து, "அக்கரையில யாரையாவது தேடறீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"உங்க பள்ளிக்கூடத்துக்குப் பொறவால பச்சப் பெயிண்டு அடிச்ச ஊடு இருக்குதுங்களா? அது என்ற தங்கச்சி ஊடு" என்றார்.

பிறகு, கேட்காமலே சொன்னார். ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் லாரியில் திருச்செங்கோட்டிலிருந்து வடக்கே போனவர் அவர். லாரி தங்கை வீட்டுக்காரருடையது. இமயமலைப் பக்கம் வரைக்கும் போயிருக்கிறார்கள்.

"அங்கெல்லாம் வேல முடிஞ்சா இஞ்சின்ல இருக்கற தண்ணிய வடிச்சுப்போடோணும் டீச்சர். இல்லீனா உள்ளயே ஒறஞ்சு, ஊதி, இரும்பையே பொளந்துபோடும். குளிர் கட்டறதும்பாங்க. என்ற வேல அது ஒண்ணுதான். ஒரு நாள் சாயந்தரம் தொறந்தேன். வடிஞ்சுது, நின்னுது. மூடிட்டு வந்து படுத்துட்டேன். காலைல போய்ப் பாத்தா வெரல் நொழையற அளவுக்கு வெடிப்பு."

"வடிச்சீங்கல்ல?"

"வடிச்சனுங்க. ஆனா நின்னது தண்ணி தீந்து இல்லீங்க. துருச் செதிலு ஒண்ணு வந்து ஓட்டைய அடச்சிருக்குது. ஒரு குச்சிய உட்டுக் குத்தியிருந்தா மிச்சமும் வந்திருக்கும்."

பாறைக் குழியில் தேங்கியிருந்த தண்ணீரை விரலால் வழித்துவிட்டார். தூரத்தில் யாரோ சேற்றில் மீன் தடவிக்கொண்டிருந்தார்கள்.

"மாப்ள திட்டியிருந்தாக்கூடச் சரிங்க. மூணு நாள் ஒரே அடுப்புல ஆக்கித் தின்னோம். ஒரு வார்த்த பேசுல. நாலாம் நாள் நான் ரயிலேறிட்டேன். எட்டு வருசமாச்சு. அவியளும் வருல, நானும் போவுல."

இத்தனை வருடமும் நான் தாண்டிப் போன பச்சை வீடு அன்று முதல் எனக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அடுத்த வருடம், தேர்வெல்லாம் முடிகிற சமயம், பள்ளி வாசலில் அந்தத் தங்கை என்னை நிறுத்தினார். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. ஒன்பது வருடப் பேச்சில்லாமைக்கு நடுவில் பிறந்து மூன்று வயதாகியிருந்தது.

"டீச்சர், அக்கரையில இஞ்சினக் கட்டிப் புடிச்சுட்டு ஒருத்தரு உக்காந்திருப்பாரே, தெரியுங்களா?"

"தெரியும்."

"வைகாசி மொத முகூர்த்தத்துல இவளுக்குக் காது குத்தறோம்னு சொல்லுங்க. தாய்மாமன் மடி வேணும்னு சொல்லுங்க. பத்தரைக்குள்ள வரோணும். அதுக்கு மேல நிக்க மாட்டோம்னு என்ற ஊட்டுக்காரரு சொல்லிட்டாரு. பெரியப்பன் மவன் இருக்கறான், அவன் மடியில உக்கார வெச்சுக்குவோம்." முந்தானையால் இல்லாத தூசியைத் தட்டினார். "இந்த ஒருக்காத்தான் கூப்புடுவேன். அதையும் சொல்லிருங்க."

சொன்னேன். ஊதிக்கொண்டிருந்த குழாய் அவர் வாயிலிருந்து நழுவியது. அதை எடுத்துத் துடைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"காது எப்படிங்க டீச்சர், என்றதாட்டமா?"

அவருடைய காதுகள் திறந்த ஜன்னல் கதவுகள் மாதிரி இருக்கும். "அப்படியே" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்பேனரைத் தேடினார். ஸ்பேனர் கையில்தான் இருந்தது.

தண்ணீர் வராவிட்டால் பாறைமேலேயே நடந்து போய்விடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு கதவணையை மூடிவிட்டார்கள். பாறைகள் ஒவ்வொன்றாய் மூழ்கின. முந்தின நாள் சாயங்காலத்துக்குள் ஆறு கரை தொட்டுவிட்டது. இஞ்சினை எழுப்ப அவருக்கு எப்போதும் இரண்டு முழு நாள் வேண்டும். இந்த முறை ஒரு சாயங்காலமும் ஒரு விடியலும்தான். அதற்குள் சீர்த்தட்டும் அடுக்க வேண்டும். ஒரு கையில் ஸ்பேனர், ஒரு கையில் வாழைப்பழச் சீப்பு. "டீச்சர், தேங்கா ஒம்போது இருந்தாப் போதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே புகைக்குழாயிலிருந்து நூலை உருவினார்.

ஒன்பதே காலுக்கு அந்த வருடத்தின் முதல் போட்டு கிளம்பியது. வெள்ளை வேட்டி, கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச் சட்டை, வாசனைத் தைலம்.

"ஏனுங்ண்ணா, காது புள்ளைக்கா உங்களுக்கா?" என்றார் போட்டுக்காரம்மா.

பழம், தேங்காய், வெல்லம், குட்டிப் பாவாடை, புது எவர்சில்வர் குடம். தட்டுக்கொருவராய் நானும் அவர் தெருப் பெண்கள் நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். துடைப்பத்தோடு துரத்திய அம்மாளும் அதில் ஒருவர். அக்கரையையே பார்த்துக்கொண்டு அவர் முன்னால் நின்றார்.

பாதி ஆறு தாண்டியிருப்போம். சூடேறிய ரப்பர் குழாய் தீய்கிற வாடை வந்தது. அவர் திரும்பினார். போட்டின் பக்கவாட்டில் ஒரு சிறிய குழாய் உண்டு. இஞ்சினைக் குளிர்வித்த தண்ணீர் அது வழியாகத்தான் ஆற்றில் கொட்டும். கொட்டவில்லை. அதன் கீழே கையை நீட்டினார். உள்ளங்கை உலர்ந்திருந்தது.

"நிறுத்து அம்மிணி, நிறுத்து!"

இஞ்சின் நின்றது. ஆறு திடீரென்று பெரிதாகிவிட்டது.

"டீச்சர்" என்றார், குழந்தை மாதிரி. "சக்கரத்தப் போடுலீங்க."

முட்டை அட்டையின் கடைசிக் குழியில், பவுடர் பூசிக்கொண்டு, அந்த ரப்பர் சக்கரம் அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. போய் எடுத்து வரலாம் என்றால், மற்ற போட்டுகள் எதுவும் இன்னும் மணலை விட்டு இறங்கவில்லை.

"சுத்தியும் தண்ணி நிக்குது, மோந்து ஊத்துங்ண்ணா!"

"கொதிக்கற இரும்புல ஊத்துனா வெடிச்சிரும். ஆறோணும்."

"எவ்வளவு நேரம்?"

 இஞ்சினுக்கு ஒரு சாண் தள்ளிக் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்பதே முக்கால். பத்து. அக்கரைப் படியில் தங்கையின் ஊதா நிறக் குடை எழுந்து நிற்பதும் உட்காருவதுமாய் இருந்தது. போட்டு தன்பாட்டுக்கு மெல்லத் திரும்பி, முகத்தை நாங்கள் வந்த கரைக்குக் காட்டியது.  போட்டுக்காரம்மா முந்தானையால் இஞ்சினுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

பத்தேகாலுக்குக் கையை இரும்பின்மேலேயே வைத்தார். எடுக்கவில்லை. எழுந்தார்.

பம்பிலிருந்து இஞ்சினுக்குப் போகிற குழாயைக் கழற்றினார். தேங்காய் உடைக்கக் கொண்டுவந்த அரிவாளால் ஒரு தண்ணீர் பாட்டிலைக் குறுக்கே வெட்டி, குழாயின் வாயில் புனலாய்ச் செருகினார். வெயிலில் வெதுவெதுப்பாகியிருந்த எங்கள் பாட்டில் தண்ணீரை முதலில் விட்டார், ஒவ்வொரு மிடறாய். காது கொடுத்துக் கேட்டார். வெடிப்புச் சத்தம் இல்லை. பட்டுச் சட்டையோடு குனிந்து கைப்பிடியைச் சுழற்றினார். இஞ்சின் இருமி, பிடித்துக்கொண்டது.

"இப்ப ஊத்துங்க!"

புதுக் குடத்தில் ஆற்றை மொண்டு கொடுத்தேன். வாங்கி ஊற்றினார். பக்கக் குழாயில் தண்ணீர் கொட்டியது.

"இன்னும்! நிறுத்தாதீங்க! கஞ்சத்தனம் பண்ணாதீங்க டீச்சர், ஊத்துங்க!"

பழங்களைப் பலகையில் கொட்டிவிட்டுத் தட்டுகளாலும் மொண்டோம். துடைப்பத்தம்மாள் தாம்பாளத்தால் மொண்டு நேராக அவர் தலையிலேயே ஊற்றினார். தவறியா என்று தெரியாது. தேங்காய்கள் காலுக்கடியில் உருண்டன. எங்கள் பட்டுப்புடவைகள், அவர் வேட்டி, குட்டிப் பாவாடை, எல்லாம் தொப்பல். இத்தனை வருடமாய் வடி, வடி என்று கேட்ட அதே வாயிலிருந்து ஊத்து, ஊத்து. எனக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்துக்கொண்டே மொண்டேன்.

"மனுசன் இஞ்சினுக்கு எண்ண தேச்சுத் தல முழுக வெக்கறாரு பாருங்கடி!" என்று கத்திக்கொண்டே போட்டுக்காரம்மா கரையைக் குறிவைத்தார்.

கரை தட்டும்போது பத்து இருபத்தைந்து. முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கயிற்றைப் பிடித்தவர் தங்கை வீட்டுக்காரர். அவர் ஆவி பறக்கும் இஞ்சினைப் பார்த்தார். புனலைப் பார்த்தார். குடத்தைப் பார்த்தார். மீசையிலிருந்து நீர் ஒழுக நிற்கும் மச்சானைப் பார்த்தார். 

"அங்க தண்ணிய உட்டு வெச்சு ஒடச்சீங்க" என்றார். "இங்க தண்ணியே இல்லாம ஒடைக்கப் பாத்தீங்களாக்கும், மச்சான்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தங்கைதான்.

"ஒடையலீங்க மாப்ள" என்றார் இவர். இஞ்சின் பக்கம் கையைக் காட்டினார். "தொட்டுப் பாருங்க."

மாப்பிள்ளை எட்டித் தொட்டு, வெடுக்கென்று கையை இழுத்து உதறினார். "சுடுதே!"

"ஆறிருமுங்க மாப்ள."

பழக்கத்தில் அவர் குனிந்து வேட்டியைக் கொத்தாய்ப் பிடித்துப் பிழியப் போனார். "அண்ணா, அதெல்லாம் பொறவு புழியலாம்" என்றார் தங்கை, படியிலிருந்து. "நேரமாவுது. அப்படியே வா."

கையிலிருந்த கொத்தை விட்டார். சொட்டச் சொட்டப் படியேறினார்.

பந்தலில் ஆசாரி ஊசியோடு தயாராக இருந்தார். இவர் சம்மணமிட்டு உட்கார, குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள். அது நெளிந்தது. இத்தனை நாள் பார்க்காத முகத்தை அண்ணாந்து பார்த்தது.

"ஈரமா இருக்குது" என்று புகார் சொன்னது.

"ஆமாஞ் சாமி" என்றார், இரண்டு கைகளாலும் அதை அணைத்துக்கொண்டு. "இருக்கட்டும்."